வேண்டாம் என்ற பிள்ளைகளின் பட்டியல்

1

மகள் ஷெறினின் கைப்பந்து ஆட்டம், கையால் பந்தை எறிந்து கோல் போடுகிற ஆட்டம், முடிந்திருந்தது. மண்டபத்தின் ஓரத்தில் இருந்து கமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கழகப் பொறுப்பாளர் இங்கர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"அன்ரன், உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்."

நோர்வேக்காரர்கள் இப்படித் தொடங்கினால் அது மழையைப் பற்றியதாக இருக்காது. இருபத்தாறு வருடங்களில் அது எனக்குத் தெரியும். நான் யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவன். இந்த நாட்டின் மேற்குக் கரையில் ஒரு சின்ன நகரத்தில் முதலில் மீன் தொழிற்சாலையில் நின்றேன். இப்போது முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளின் கைப்பந்தைப் படம் எடுப்பேன். இரண்டு மாரிகாலமாக எடுக்கிறேன். படங்களைக் கழகத்துக்குக் கொடுத்துவிடுவேன்.

ஒரு தாய் முறைப்பாடு செய்திருந்தாராம். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்து பெண்பிள்ளைகளைப் படம் எடுக்கிற அந்த மனிதர் யார், அவரை யார் விட்டது என்று கேட்டிருந்தாராம். இங்கர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளைகளோடு நிற்கிற எல்லோரிடமும் பொலிஸ் அத்தாட்சி இருக்க வேண்டும். உங்களிடம் நாங்கள் கேட்கவேயில்லை. அது எங்கள் பிழை. அது வரும்வரை படம் எடுக்க வேண்டாம்."

நான் தலையை ஆட்டினேன்.

காரில் ஷெறின் பின் ஆசனத்தில் ஏறினாள். வழக்கமாக முன்னால் என் பக்கத்தில் இருக்கிறவள். பாதி வழி வந்தபிறகு நோர்வேஜிய மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். கோபம் என்றால் அவளுக்குத் தமிழ் வராது. நான் திருப்பிக் கேட்டபோது தமிழில் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் இனி வராதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"எல்லாரும் கதைக்கினம்."

2

என் கமராவின் லென்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் கலியாண வீடுகளில் இரண்டு முழ நீள லென்ஸ்களோடு ஓடித் திரிகிற தம்பிமார் இதைக் கண்டால் சிரிப்பார்கள். தயிர்க் கோப்பை அளவு, தயிர்க் கோப்பைப் பாரம், முழுக்கப் பிளாஸ்ரிக். கடையில் இருந்ததிலேயே மலிவானது. கமரா, வேலையிடத்தில் ஒருவர் பாவித்துவிட்டு விற்றது. அதோடு வந்த லென்ஸை முன்னும் பின்னும் இழுக்கலாம், ஆனால் மண்டபத்துக்குள் அது குருடு. வெளியே நல்ல படம் தரும். உள்ளே வந்தால் பிள்ளைகளுக்குத் தலை இருக்கும், கை புகை போல இருக்கும்.

இந்த மலிவு லென்ஸின் வாய் பெரிது. வெளிச்சத்தை அள்ளி எடுக்கும். ஒரு செக்கனை ஐந்நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்கில் படத்தை எடுத்தால்தான் பாய்கிற பிள்ளை அந்தரத்தில் நிற்பாள். அதை இந்தத் தயிர்க் கோப்பை செய்யும். ஆனால் இதை இழுக்க ஏலாது. கிட்ட வேண்டுமென்றால் நீ கிட்டப் போ, தூர வேண்டுமென்றால் நீ தூரப் போ. ஓடுகிற ஆட்டத்தின் பின்னால் ஓடி எடுக்கவும் முடியாது. ஓரிடத்தைத் தெரிவுசெய்து, ஆட்டம் அங்கே வரும் என்று நம்பி, காத்திருக்க வேண்டும். மூக்குத் தெளிவாக விழுந்தால் காது கலங்கியிருக்கும். பத்தில் ஒன்பது குப்பை. அந்த ஒன்றுக்காகத்தான் நான் கோல் கம்பத்தடியில் கிடந்தேன்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஷெறின் வளர வளர எங்களிடையே கதை குறைந்துகொண்டு வந்தது. என் நோர்வேஜியம் அவளுக்குக் கூச்சம், அவளுடைய தமிழ் எனக்குக் கவலை. படம் எடுக்கப் போனால் இரண்டு மணித்தியாலம் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

3

பொலிஸ் அத்தாட்சிக்கு இந்த நாட்டு மொழியில் 'அத்தெஸ்ட்' என்று வரும். நம்முடைய அத்தாட்சிக்குத் தூரத்துச் சொந்தம் போலக் காதில் விழும். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொரு வரிசை ஞாபகம் வந்தது.

போர்க்காலத்தில் என் அப்பாவுக்குக் கடலுக்குப் போக ஒரு பாஸ். எனக்குக் கொழும்புக்குப் போக ஒரு பாஸ். பத்தொன்பது வயதில், வெயிலில், என்னைப் பற்றி இன்னொருவன் எழுதிக் கையெழுத்து வைக்கப்போகிற தாளுக்காக நான்கு நாட்கள் போய் நின்றேன். நான்காம் நாள் மேசைக்குப் பின்னால் இருந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாளைக்கு வா என்றான். நான் என்ன செய்தேன் என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை. நான் என்னவாக இருக்கலாம் என்பதுதான் கேள்வி.

அதனால் கமராவைப் பெட்டிக்குள் வைத்து அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். என் மனைவி வதனா கதவடியில் நின்று பார்த்தாள்.

"இப்ப என்னத்துக்கு அதை மேலை வைக்கிறியள்?"

"காணும். வித்துப்போடுவம்."

"உங்களிலை பிழை ஏதும் இருக்கோ?"

"என்ன கதை கதைக்கிறாய்?"

"இல்லையெல்லோ? அப்ப போய்க் கடதாசியை எடுத்துக் குடுங்கோ. உங்கடை பிள்ளையை ஆரோ ஒருத்தன் நிலத்திலை கிடந்து படம் எடுத்தா நீங்கள் கேக்க மாட்டியளோ? நான் கேப்பன். முதல் ஆளாய்க் கேப்பன்."

அன்றே விண்ணப்பித்தேன். வரிசை இல்லை, வெயில் இல்லை, கணினியில் சில கேள்விகள். சில வாரங்களில் தாள் வந்தது. என் பெயர், பிறந்த நாள், அதன் கீழே ஒரேயொரு வரி: குறிப்பு எதுவும் இல்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது இங்கர் ஒரு கோப்பைத் திறந்தார். அவருடைய தாள் மேலேயே இருந்தது. பயிற்றுநரின் தாள், தேநீர் ஊற்றுகிற கிழவரின் தாள், எல்லாவற்றிலும் அதே வரி. என்னுடையதை அவற்றின் மேலே வைத்து மூடினார். எனக்கு அதற்குப் பிறகு கோபம் வரவில்லை. ஆனால் ஷெறின் இன்னும் பின் ஆசனத்தில்தான் ஏறினாள். மிச்ச ஆட்டப் பருவத்துக்கு நான் வாசலில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே இருந்தேன்.

4

ஆடி மாத விடுமுறைக்கு நானும் ஷெறினும் யாழ்ப்பாணம் போனோம். வதனாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கமராவையும் தயிர்க் கோப்பையையும் கொண்டு போனேன், சொந்தக்காரரை எடுக்கலாம் என்று.

என்னோடு படித்த ரமணன் இப்போது மானிப்பாய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியன். பெண்பிள்ளைகளின் கபடி அணி ஒன்றை வைத்திருக்கிறான்; அது இறுதியாட்டத்துக்குத் தெரிவாகியிருந்தது. வெளி மைதானம் அல்ல; மண்டபத்துக்குள் இறப்பர் விரிப்புப் போட்டு விளையாடுகிறார்கள். பார்க்க வரச்சொன்னான். கமராவைக் கண்டதும் அவனுடைய முகம் மலர்ந்தது.

"மச்சான், உதிலை என்ரை பிள்ளையளை எடுத்துத் தா. நாங்கள் போனிலை எடுக்கிறது எல்லாம் பேய் மாதிரி வருது."

"பெற்றோரிட்டை கேட்டியோ?"

"என்னத்தை?"

"படம் எடுக்க விருப்பமோ எண்டு."

"உனக்கென்ன விசரே? நீ வெளிநாட்டிலையிருந்து வந்த ஆள். ஆர் உன்னைக் கேக்கப்போறான்? வந்து எடு."

அந்தச் சொல்லில்தான் எனக்கு ஏதோ தைத்தது. நோர்வேயில் நான் யார் என்று தெரியாததால் கேட்டார்கள். இங்கே வெளிநாட்டுக்காரன் என்பதால் ஒருவரும் கேட்க மாட்டார்களாம். அந்தத் தாய்க்கு ஒரு கேள்வி கேட்க இடம் இருந்தது. இந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு அந்த இடத்தை ஏன் நான் கொடுக்கக்கூடாது?

"ரமணா, கேட்டாத்தான் எடுப்பன். ஒரு துண்டு அடிச்சுக் குடு. வீட்டிலை கையெழுத்து வாங்கிக்கொண்டு வரட்டும். பிள்ளையும் ஓம் எண்ட வேணும், வீடும் ஓம் எண்ட வேணும். இந்தப் பிள்ளையளோடை இறுதியாட்டத்துக்கு வாற மற்றப் பள்ளிக்கூடத்துக்கும் குடு."

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். ஆனாலும் துண்டு அடித்தான்.

பிள்ளைகளிடம் நானே போய்க் கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். என்ன செய்வது என்று நின்றபோது, இவ்வளவு நேரமும் சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த ஷெறின் எழும்பினாள்.

"நான் கேக்கிறன்," என்றாள்.

5

பன்னிரண்டு பிள்ளைகள் விரிப்பில் வட்டமாக இருந்தார்கள். நோர்வேயிலிருந்து வந்தவள் கதைக்கப்போகிறாள் என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஷெறின் தொண்டையைச் செருமினாள். 'படம்' என்ற சொல்லை எங்கோ விட்டுவிட்டு, மிச்சத்தைத் தெளிவாகக் கேட்டாள்:

"என்ரை அப்பா உங்களைப் பிடிக்கலாமோ?"

நான் உறைந்து போனேன். பிடிப்பது என்ற சொல் என் வயதுக்காரருக்கு வேறு வாசலைத் திறக்கும். பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு காலம் முழுக்கக் கேட்ட ஊர் இது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பிறந்தது அதற்குப் பிறகு. வட்டத்தின் மறுபக்கத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்:

"அங்கிளைப் பாடிக்கொண்டு இந்தப் பக்கம் வரச்சொல்லுங்கோ. ஆர் ஆரைப் பிடிக்கிறது எண்டு பாப்பம்!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. ஷெறின் முதலில் முழித்தாள். நான் போய் விளங்கப்படுத்தியதும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். அவள் என்னோடு சேர்ந்து சிரித்து எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒவ்வொருத்தியாகப் போய் முழு வசனத்தையும் கேட்டாள். ஒரு கொப்பியில் பெயர் எழுதினாள். மானிப்பாய் அணியில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருத்தியின் தகப்பன் சம்மதிக்கவில்லை. மற்ற இருவரும் காரணம் சொல்லவில்லை. ஷெறின் காரணம் கேட்கவுமில்லை.

6

இறுதியாட்டம் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில். மானிப்பாய் அணியும் பண்டத்தரிப்பு அணியும். தகரக் கூரை, ஒரு பக்கம் மட்டும் கதவுகள், மேலே குழல் விளக்குகள். விளக்கின் துடிப்பால் ஒரு படம் மஞ்சளாக விழும், அடுத்தது பச்சையாக விழும். கதவுக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன், வெளியே இருக்கிற வெயில் பிள்ளைகளின் முகத்தில் விழும்படி. வியர்வை கமராவில் வடிந்தது.

ஆட்டத்துக்கு முன்னர் ஷெறின் பண்டத்தரிப்புப் பிள்ளைகளிடம் போய்வந்தாள். "ஒராள் மட்டும் வேண்டாமாம்," என்றாள். "அவதான் கப்ரின். பேர் தர்சிகா."

கடவுள் எனக்கு வைத்த சோதனை என்றுதான் சொல்ல வேண்டும். அன்று மண்டபத்தில் பார்க்கத்தக்க ஆட்டக்காரி அந்த அணித்தலைவிதான். மெலிந்த பிள்ளை. பதினைந்து வயது இருக்கும். கபடி, கபடி என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குள் நுழைந்தால் ஏழு பேரும் பின்வாங்குவார்கள். அவள் வரும்போதெல்லாம் நான் கமராவை மடியில் இறக்கினேன். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, முப்பது தடவை இறக்கியிருப்பேன். கை உளைந்தது.

கடைசி நிமிடங்களில் மானிப்பாய் மூன்று புள்ளி முன்னால். அந்த அணியின் காவல்காரி ஒருத்தியை, அவள் ஓம் என்ற பிள்ளை, குறிவைத்துக் காத்திருந்தேன்; எதிரே பாடி வருகிறவள் யார் என்று பார்க்கவில்லை. அவள் பாய்ந்தாள். நான் அழுத்தினேன். அவள் பாய்ந்து பிடித்தது தர்சிகாவின் கணுக்காலை.

ஐந்து படம் விழுந்துவிட்டது. நடுவர் விசில் அடித்தார், தர்சிகாவின் விரல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டது, இரண்டு புள்ளி. நான் திரையைப் பார்த்தேன். மூன்றாவது படம். இரண்டு பிள்ளைகள் அவளுடைய ஒரு காலில் தொங்குகிறார்கள். உடம்பு முழுக்க ஒரு கையாக நீண்டிருக்கிறது. விரலுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு நெல்மணி இடைவெளி. வாய் இன்னும் பாடுகிறது. கண் மயிர்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. இரண்டு வருடம் நிலத்தில் கிடந்து நான் தேடிய படம் அதுதான்.

"அப்பா," என்றாள் ஷெறின். கொப்பியைக் காட்டினாள். "அவ வேண்டாம் எண்டவ."

"தெரியும்."

ஆட்டம் ஒரு புள்ளியால் மானிப்பாய்க்குப் போனது. ரமணன் சந்தோசத்தில் ஓடிவந்து என் தோளுக்கு மேலால் படத்தைப் பார்த்தான். "ஐயோ, மச்சான்! உதை அழிச்சியோ உன்னைக் கொல்லுவன். வைச்சிரு. பேப்பருக்குக் குடுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

பொய் சொல்ல மாட்டேன். யாருக்குத் தெரியப்போகுது என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். பேப்பருக்கு வேண்டாம், எனக்கென்று வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். ஷெறின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கமராவை எடுத்துக்கொண்டு அவளோடு தர்சிகாவிடம் போனேன். அவள் கால் நீட்டி இருந்து முழங்காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய ரீச்சரும் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, மற்றவவை எடுக்கேக்கை நீரும் விழுந்திட்டீர். என்ரை பிழை. உமக்கு முன்னாலை அழிக்கிறன்."

"காட்டுங்கோ, அங்கிள்."

வாங்கிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். ரீச்சரும் எட்டிப் பார்த்து, "வடிவாயெல்லோ கிடக்கு," என்றார்.

"ஓம் ரீச்சர்," என்றாள் தர்சிகா. "அழியுங்கோ, அங்கிள்."

ஐந்தையும் அழித்தேன். ஒவ்வொன்றாக அழித்தேன், அவளும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நாங்கள் கேட்காமலே சொன்னாள்.

"அம்மா ஓமானிலை, வீட்டுவேலை. நான் இந்த நேரம் ரியூசனிலை இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. எங்கடை ஆக்கள் எல்லாத்தையும் பேஸ்புக்கிலை போடுவினம். சித்திக்குத் தெரியும், கையெழுத்து வைக்கிறன் எண்டவ. நான்தான் வேண்டாம் எண்டனான்."

பரிசு கொடுத்து முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் நின்றார்கள். வேண்டாம் என்ற மானிப்பாய்ப் பிள்ளைகள் மூவரும் ஓரமாகப் போய் நின்றார்கள். தர்சிகா நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நான் எடுக்கட்டோ?"

கமராவின் பட்டியை அவள் கழுத்தில் போட்டேன். "இழுக்க ஏலாது. நீர்தான் நடக்க வேணும்," என்றேன். மிச்சம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால், பின்னால் என்று போய், எல்லோரும் கொள்ளும்வரை போய், கதவையும் தாண்டி முற்றத்து மணலில் இறங்கிவிட்டாள். அங்கிருந்து கூப்பிட்டாள்: "அங்கிளும் தங்கச்சியும் உள்ளுக்குப் போங்கோ!"

பிள்ளைகள் எங்கள் இருவரையும் இழுத்து நடுவில் இருத்தினார்கள். ஷெறினின் தோள் என் தோளில் முட்டியது. அவள் விலக்கவில்லை.

ஒரேயொரு படம்தான் எடுத்தாள். ஒருவரும் கலங்கவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"மூச்சை அடக்கத் தெரியாட்டிக் கபடி விளையாட ஏலுமோ?" என்றாள். பிறகு ரீச்சரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "இதை எனக்கு அனுப்புவியளோ? இதிலை நான் இல்லைத்தானே. அம்மாவுக்குக் காட்டலாம்."

படம் ரீச்சருக்குப் போனது, ரீச்சரிடமிருந்து அவளுக்குப் போனது. ஷெறினும் தர்சிகாவும் போன் இலக்கங்களை மாற்றிக்கொண்டார்கள்.

7

நோர்வே திரும்பி, இங்கே புதிய ஆட்டப் பருவம் தொடங்கியபோது பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு கூட்டத்திலும் நான் எழும்பிக் கதைத்ததில்லை. அன்று எழும்பினேன். என் நோர்வேஜியத்தில் ஆண்பாலும் பெண்பாலும் இடம் மாறி விழும். விழுந்தன. யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கியதும் கேட்டது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னேன். என் பெயர் அன்ரன். ஷெறினின் தகப்பன். படம் எடுப்பேன். அத்தாட்சி கோப்பில் இருக்கிறது. பிள்ளையை எடுக்க வேண்டாம் என்றால் இப்போது சொல்லுங்கள், பிறகும் சொல்லலாம், காரணம் தேவையில்லை.

முறைப்பாடு செய்த தாய் கையை உயர்த்தினார். தன் மகளை எடுக்க வேண்டாம் என்றார். நன்றி என்று சொல்லிக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவர் ஏதும் விளக்கம் சொல்லவில்லை. ஆனால் கையை இறக்கும்போது என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

வீட்டுக்குப் போக, பயிற்சி முடிந்து வந்த ஷெறின் முன் ஆசனத்தில் ஏறினாள்.

"உம்மை என்ன செய்யிறது? எடுக்கலாமோ, வேண்டாமோ?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "விளையாடேக்கை எடுங்கோ. வாங்கிலை இருக்கேக்கை வேண்டாம்."

அதையும் அப்படியே எழுதினேன். ஓரத்து நீள வாங்கில் தன் முறைக்குக் காத்திருக்கும்போது அவள் நகம் கடிப்பாள். எனக்கு அது மிகப் பிடித்த காட்சி. எடுக்க மாட்டேன். சனிக்கிழமைகளில் மறுபடியும் கோல் கம்பத்தடியில் கிடக்கிறேன். முழங்கால் நோகிறது. பத்தில் ஒன்பது இன்னும் குப்பைதான்.

சென்ற வாரம் நான் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, ஷெறின் போனோடு ஓடிவந்தாள். தர்சிகா எழுதியிருந்தாள், தமிழை ஆங்கில எழுத்தில். ஷெறின் எழுத்துக்கூட்டி எனக்கு வாசித்தாள்.

படத்தைத் தாய்க்கு அனுப்பினாளாம். பள்ளிக்கூட விளையாட்டு, தான் எடுத்த படம் என்று எழுதினாளாம். தாய் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்க வேண்டும். பதில் வந்ததாம்: "எல்லாரும் நிக்கினம். நீ ஏன் இதிலை இல்லை?"

அதற்குப் பிறகு மறைக்க மனம் வரவில்லையாம். ரியூசன், கபடி, கப்ரின், கணுக்கால், ஒரு புள்ளியால் தோற்றது, எல்லாவற்றையும் குரலில் பேசி அனுப்பினாளாம்.

"அம்மா என்ன சொன்னவவாம்?" என்று கேட்டேன்.

"பொறுங்கோ, வாசிக்கிறன்." ஷெறின் திரையை மேலே தள்ளினாள். "ரண்டு நாள் ஒண்டும் எழுதேல்லையாம். இவ சாப்பிடேல்லையாம். மூண்டாம் நாள் காலமை ஒரே ஒரு வரி வந்ததாம்."

"என்னண்டு?"

ஷெறின் அந்த வரியை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தாள்.

"அடுத்த கபடி மச் எப்ப?"